தொண்டை வெளிச்சம்

திங்கட்கிழமை காலையிலிருந்து சோப்பக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருட்டறைக்குள் போவாள், தரையில் மல்லாந்து படுப்பாள், தொட்டியின் கண்ணாடி அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்ப்பாள், எழுந்து வெளியே வருவாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், மறுபடியும் உள்ளே போவாள். குட்டி போட்ட பூனைகூட நடுவில் கொஞ்ச நேரம் உட்காரும். இவள் உட்காரவே இல்லை.

தொட்டிக்குள் நாற்பத்தேழு காரல் மீன். அத்தனையும் அவள் முட்டையிலிருந்து வளர்த்தவை. ஐந்து மாதத்துக்கு முன்னால் துறைமுகத்துத் தண்ணீரில் மெல்லிய துணிவலையை இழுத்து, கண்ணுக்கே தெரியாத முட்டைகளை ஆயிரக்கணக்கில் அள்ளிவந்து, குஞ்சு பொரிக்கவைத்து, செத்தது போக, வேறு மீன் என்று தெரிந்ததை ஒதுக்கியது போக, மிஞ்சியது இந்த நாற்பத்தேழுதான். பெற்ற பிள்ளைக்கு இத்தனை பாடு பட்டிருப்பாளோ என்னவோ. பிள்ளை இல்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

காரலைத் தெரியாதவர்கள் யார்? சந்தையில் கடைசியில் கூறு கட்டி வைத்திருப்பார்களே, தட்டையாக, பளபளவென்று, முள் அதிகம் சதை கொஞ்சம் என்று நாம் தாண்டிப் போவோமே, அதேதான். தொட்டால் கை முழுக்க வழவழப்பு. வாயைத் திறந்தால் ஒரு குழாய் மாதிரி முன்னால் நீண்டு, இரையை உறிஞ்சிவிட்டு, உள்ளே மடங்கிக்கொள்ளும். பிடித்துத் தூக்கினால் கிர்ர் கிர்ர் என்று கோபித்துக்கொள்ளும். இந்த அற்ப மீனுக்குள்தான் ஓர் அதிசயம் இருக்கிறது. அதன் தொண்டையைச் சுற்றி ஒரு சின்னப் பை, அந்தப் பைக்குள் வெளிச்சம். அது வயிற்றின் வழியாகக் கீழ்ப்பக்கம் கசியும். கடலில் மேலேயிருந்து பகல் வெளிச்சம் விழும்போது, கீழே திரிகிற பெரிய மீனின் கண்ணுக்குக் காரல் கறுப்பு நிழலாகத் தெரியும் அல்லவா? அப்படித் தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வயிற்றில் ஒரு விளக்கை ஏற்றித் தன் நிழலைத் தானே அழித்துவிடும்.

அந்த விளக்கைச் சனங்களுக்குக் காட்டத்தான் மீன் காட்சிசாலையில் இந்த இருட்டறையைக் கட்டினார்கள். அடியில் கண்ணாடி போட்ட தொட்டி, மேலே மங்கலாக ஒரு நீல விளக்கு. தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை வெல்டிங்காரர் ஒரு முழம் குட்டையாகச் செய்துவிட்டதால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அது போகட்டும். பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால் படுத்தும் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையே! நாற்பத்தேழில் ஒரு மீன்கூட வெளிச்சம் விடவில்லை. நீல விளக்குக்குக் கீழே நாற்பத்தேழு கறுப்பு நிழல்கள் சுற்றிச் சுற்றி வந்தன. நிற்க அவற்றுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

"என்னக்கா, கரண்ட் வந்துச்சா?" என்றார் வாசல் கேட்காரர், எட்டிப் பார்த்து.

"வாய மூடிட்டுப் போய்டு. வயித்தெரிச்சலக் கிளப்பாத."

"நான் கேக்கலக்கா, மேனேஜர் கேக்கச் சொன்னாரு."

மேனேஜர் சின்ன வயசுக்காரர், நல்லவர்தான், ஆனால் மேலிடம் என்றால் குலை நடுங்கும். மதியம் அவரே வந்தார். கதவருகிலேயே நின்றார், உள்ளே வந்தால் அக்கா கை கழுவச் சொல்வாள் என்று தெரியும்.

"அக்கா, வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. வெளிச்சம் வந்துச்சுன்னா இந்த ரூம் உங்களுக்கு. வரலைன்னா கலர் பல்பு போட்டு பிளாஸ்டிக் மீன தொங்கவிடப் போறாங்களாம். ஆர்டரே ரெடியா இருக்கு."

"அப்ப என் மீனுங்க?"

மேனேஜர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "பெரிய தொட்டிக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

பெரிய தொட்டியில் இரண்டு களவா மீன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாக்குமூட்டை கனம். நாற்பத்தேழு காரல் அதுகளுக்கு ஒரு வாய்க்குக் காணாது.

அவளைச் சோப்பக்கா என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். அவள் கழுவாத பொருள் அந்தக் கட்டிடத்தில் இல்லை. வலை, வாளி, குழாய், கண்ணாடி, கதவுப் பிடி, மேனேஜரின் பேனா, எல்லாவற்றுக்கும் தினம் ஒரு குளியல் உண்டு. காரலுக்கு விடுகிற கடல்தண்ணீர் மூன்று வடிகட்டி தாண்டி, கிருமி கொல்கிற ஊதா விளக்குக்குள் நுழைந்து வந்தால்தான் தொட்டிக்குள் போக அனுமதி. முட்டைகளைக்கூட மூன்று தண்ணீரில் அலசித்தான் போட்டாள். சுவரில் அவள் கைப்பட எழுதிய பலகை தொங்கியது: "வெளி மீன் முப்பது நாள் தனித்தொட்டியில். விதிவிலக்கு கிடையாது."

அன்று சாயங்காலத்துக்குள் தீனியை மாற்றிப் பார்த்தாள், சூட்டைக் கூட்டிப் பார்த்தாள், விளக்கைக் குறைத்துப் பார்த்தாள். ஒரு தடவை யாரும் பார்க்காத நேரத்தில் கண்ணாடியைத் தட்டி, "கண்ணுங்களா, மானத்தக் காப்பாத்துங்கடா" என்று கெஞ்சியும் பார்த்தாள். நாற்பத்தேழு நிழல்களும் சுற்றிக்கொண்டேதான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கீழே இருக்கும் கணவரின் ரொட்டிக்கடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெரிய மரத் தொட்டி, அடியில் நேற்றைய புளித்த மாவில் ஒரு பிடி, அதன்மேல் இன்றைய புது மாவு.

"இந்தாம்மா, உக்காந்து குடி. நீ நடக்கிற நடையில தரை தேஞ்சுடும்."

"எப்படிங்க உக்கார்றது? அந்த மீனுக்கு என்ன குறை வச்சேன், சொல்லுங்க. தீனி உண்டு, காத்து உண்டு. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு தூசி கிடையாது."

அவர் சிரித்தார். "என் மாவுத்தொட்டியக் கழுவின மாதிரி கழுவிட்டியா?"

அது கல்யாணமான புதிதில் நடந்தது. புருஷனை அசத்த வேண்டும் என்று, வந்த மூன்றாம் நாளே இந்த மரத்தொட்டியை வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, தேய்த்துத் தேய்த்து வெயிலில் காயவைத்துவிட்டாள். பழைய மாவு ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. அன்றைக்குப் போட்ட ரொட்டி செங்கல்லாக வந்தது. இரண்டு நாள் கடை மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் இன்னொரு கடைக்காரரிடம் போய், தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பிடி பழைய மாவு கேட்டு வாங்கிவந்தார். பதினாறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். அவளும் பதினாறு வருஷமாக முறைக்கிறாள்.

இன்று முறைக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"என்னங்க, உங்க புது மாவு தானா உப்பாதா?"

"தானா எங்க உப்பும்? பழசுல உசுரு இருக்கு. அது தொட்டாத்தான் இதுக்கு வரும்."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சந்தைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கூறு காரல், ஐஸில் விறைத்தது. கணவரை இழுத்துக்கொண்டு மாவுமூட்டை அறைக்குள் போய், கதவைச் சாத்தி, கீழே சந்தில் ஒரு சாக்கை அடைத்தாள். கும்மிருட்டு. கத்தரிக்கோலால் தடவித் தடவி ஒரு மீனின் தொண்டையை வெட்டி, விரலை உள்ளே விட்டாள்.

"ஏம்மா, கைய வெட்டிக்கப் போற..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

அவள் விரல் நுனி லேசாக, நீலமும் பச்சையுமாக ஒளிர்ந்தது. செத்த மீனிலிருந்து, மூன்று நிமிஷம்தான். பிறகு மங்கிவிட்டது. இருட்டுக்குள் நின்றபடியே சோப்பக்காவுக்கு எல்லாம் புரிந்தது. வெளிச்சம் மீனுடையது இல்லை. அந்தப் பைக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கிற கிருமிகளுடையது. காரல் குஞ்சு பிறக்கும்போது பை காலியாகத்தான் பிறக்கிறது. கடலில் பெரிய காரல்கள் கழிக்கிற தண்ணீரில் நீந்தி, அங்கேதான் அந்தக் கிருமியை வாங்கிக்கொள்கிறது. இவளோ வடிகட்டி மேல் வடிகட்டி வைத்து, விளக்கு வைத்து, ஒரு கிருமியையும் உள்ளே விடாமல் ஐந்து மாதம் காவல் காத்திருக்கிறாள்! நாற்பத்தேழு பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக்கொடுத்து, ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றாமல் விட்டிருக்கிறாள்.

"அட கூறுகெட்டவளே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"அப்ப இந்த விரல கொண்டுபோய்த் தொட்டியில முக்கிடு" என்றார் கணவர்.

"செத்த மீனுங்க இது. எந்த ஐஸு, எந்தத் தண்ணி, எவன் காலு பட்டுதோ. இருக்கிறதும் செத்துடும். உசுரோட வேணும்."

உயிரோடு காரல் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வலையில் பட்டால் வழவழப்பு உரிந்து, கரைக்கு வருமுன் செத்துப்போகும். வலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், வாளியைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, கைபடாமல் மொண்டு எடுக்க வேண்டும். அந்தத் துறையில் அதைச் செய்யத் தெரிந்த ஆள் ஒரே ஒருவன். அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணனிடம் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன்தான் காட்சிசாலைக்கு உயிர்மீன் கொடுப்பவன். ஒரு நாள் பன்னிரண்டு வரிமீன் கொண்டுவந்தான், ஜோரான மீன்கள். அவற்றை வளையம் போல் கட்டிய தொட்டியில் விட்ட மூன்றாம் நாள், அதில் இருந்த இருநூறு மீனும் வாயைப் பிளந்து மிதந்தன. சோப்பக்கா கேட்டுக்கு வந்து, கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள், அவனோடு வந்த படகாட்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "உன் சீக்குப் புடிச்ச மீனால என் தொட்டியே சுடுகாடாயிடுச்சு. இனிமே இந்தக் கேட்டத் தாண்டாத. தாண்டணும்னா கையக் கழுவிட்டு வா." அதற்காகவே கேட்டில் ஒரு குழாயும் வைத்தாள். அண்ணன் அப்படியே வாளியை எடுத்துக்கொண்டு போனவன்தான். அந்தப் பேச்சு துறை முழுக்கப் பரவி, அவனுக்குச் 'சீக்கு' என்றே பேராகிவிட்டது. உயிர்மீன் வாங்குகிற யாரும் அதற்குப் பிறகு அவனிடம் வாங்கவில்லை. இப்போது அடுத்தவர்கள் படகில் வலை பிரிக்கிறான்.

அவனிடம் போவதற்கு முன்னால், அன்று என்ன நோய் வந்தது என்று பார்த்துவிட்டால் இந்த முறை அதற்குத் தகுந்த மாதிரி ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று, மதியம் ஆபீஸ் அலமாரியிலிருந்து அந்த வருஷத்துத் தண்ணீர்ப் பதிவேட்டை எடுத்தாள். அவள் கையெழுத்துத்தான், குண்டு குண்டாக. வரிமீன் வந்த நாளின் பக்கத்தைத் திறந்தாள்.

"புது மீன் வருவதை முன்னிட்டு மணல் வடிகட்டி முழுவதும் மருந்து போட்டுக் கழுவப்பட்டது."

அடுத்த நாள், மீன் கழிவில் சேருகிற அமோனியா அளவு, கொஞ்சம் அதிகம். அதற்கடுத்த நாள், நாலு மடங்கு. மூன்றாம் நாள் அந்தக் கட்டமே காலி. செத்த மீனை அள்ளுகிற அவசரத்தில் யார் அளந்தார்கள்?

அவள் அந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வடிகட்டி மணலிலும் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. மீன் கழிக்கிற அழுக்கைத் தின்று தண்ணீரை மீன் வாழத் தகுந்ததாக வைத்திருப்பதே அந்தக் கூட்டம்தான். இது இந்தத் தொழிலில் முதல் பாடம். அதை மருந்து ஊற்றிக் கொன்றது யார்? சீக்கும் இல்லை, வரிமீனும் இல்லை. இருநூறு மீனும் தங்கள் அழுக்கிலேயே மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. கொன்றவள் இவள். பழி சுமந்தவன் அண்ணன்.

பதிவேட்டை மூடினாள். திறந்தாள். மூடினாள். எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவப் பார்த்தாள், சோப்பை எடுத்ததும் அருவருப்பாக இருந்தது, வைத்துவிட்டாள். கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் படகுத்துறைக்குப் போனாள். அண்ணன் ஒரு குவியல் வலைமேல் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். முடி நிறைய வெளுத்திருந்தது. மூன்று வருஷத்தில் இத்தனையா என்று பார்த்துக்கொண்டே கிட்டே போனாள்.

"அண்ணே."

நிமிர்ந்து பார்த்தான். குனிந்துகொண்டான். "வழி தவறி வந்துட்டியா?"

"உசுரோட காரல் வேணும். பெருசா, ஒரு பத்து. இன்னிக்கே."

"ஏன், சீக்குப் புடிச்ச மீனுக்கு அங்க பஞ்சமா?"

அவள் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. பக்கத்தில் நாலு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், காது இந்தப் பக்கம்தான். வார்த்தை வாய்வரை வந்து, உள்ளேயே மடங்கிக்கொண்டது. காரலின் விஷயத்தை மட்டும் சொன்னாள், நாற்பத்தேழையும், பெரிய தொட்டியையும், வெள்ளிக்கிழமையையும். அவன் சிக்கெடுப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"முட்டையில இருந்தா வளத்த?" என்றான் கடைசியில்.

"ஆமாண்ணே."

"காரல எவனும் வளத்ததில்ல." வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "கோவம் உம்மேலதான். மீன் என்ன பண்ணுச்சு? மத்தியானம் வர்றேன். போ."

மத்தியானம் இரண்டு வாளியோடு வந்தான். கேட்டுக்கு வெளியே, அன்று எந்த இடத்தில் நின்று திட்டு வாங்கினானோ அதே இடத்தில் நின்றான்.

"உள்ள வாங்கண்ணே" என்றார் கேட்காரர்.

"வேணாம்பா. எனக்கு இதான் இடம்."

சோப்பக்கா ஓடி வந்தாள். வாளியில் பத்து காரல், செதில் கலையாமல், கண் மின்ன, ஒவ்வொன்றும் கையகலமாகத் திரிந்தன. தண்ணீர் கலங்கல், பாசியும் வழவழப்பும் மிதந்தன. இத்தனை நாள் அவள் பார்த்திருந்தால் மூக்கைப் பிடித்திருப்பாள்.

"இந்தக் கிழட்டு மீனப் பாத்துக்க" என்று ஒன்றைக் காட்டினான். வால் ஓரம் கிழிந்து, பருத்திருந்தது. "இது ரொம்ப நாள் தாங்காது. ஆனா வெளிச்சம் இதுலதான் ஜாஸ்தி."

"அண்ணே, அன்னிக்கு..."

"என்ன?"

கேட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டிக்கெட் வாங்க ஒரு குடும்பம் நின்றது. "ஒண்ணுமில்ல" என்றாள். சீ, என்ன பிறவி நான் என்று அவளுக்கே கூசியது. திட்டும்போது ஊர் முழுக்கக் கேட்கக் கத்தியவளுக்கு, இப்போது நாக்கு எழவில்லை. அண்ணன் போய்விட்டான்.

இருட்டறையில், ஊதா விளக்கை அணைத்தாள். வடிகட்டியை நிறுத்தினாள். சுவர்ப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு அதைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு அந்தக் கலங்கல் தண்ணீரை, மீனோடு, பாசியோடு, அப்படியே தொட்டிக்குள் ஊற்றினாள். ஐந்து மாத உழைப்பு ஒரு வாளியில் போய்விடலாம். வேறு வழியும் இல்லை.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மணிக்கொரு தரம் படுத்துப் பார்த்தாள். முதலில் பத்தும் ஒரு மூலை, நாற்பத்தேழும் ஒரு மூலை. சாயங்காலம் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டன. பத்து மீனும் புது இடத்து மிரட்சியில் வெளிச்சத்தை அடக்கிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை முழுக்க ஐம்பத்தேழு நிழல். தீனியை வீசினால் சாப்பிட்டன, அதுவே பெரிசு. கணவர் சாப்பாடு கொண்டுவந்து, "நீயும் ரெண்டு வாய் தின்னு, மீனே தின்னுதுல்ல" என்று வற்புறுத்தினார். ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து பெரிய விளக்கைப் போட்டபோது, கிழட்டு மீன் ஒருக்களித்து மிதந்தது.

நோயா, வயசா? வலையில் எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாள். சிவப்பு இல்லை, புள்ளி இல்லை. வயசுதான் என்று மூளை சொன்னது, மனசு நம்பவில்லை. மற்ற மீன்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். நீல விளக்கைப் போட்டுப் படுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பதினொரு மணிக்குத்தானே வருகிறார்கள், பத்தரைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள்.

பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். மேலிடம் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? கஞ்சி போட்ட புடவையில் ஒரு அம்மா, கோட்டு போட்ட ஒரு ஐயா, பின்னால் வியர்த்து வழிந்தபடி மேனேஜர்.

"படுத்துப் பாக்கணுமா?" என்றார் கோட்டுக்காரர்.

"பாய் விரிச்சிருக்கு சார்" என்றாள் சோப்பக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே முதலில் படுத்துவிட்டாள். கோட்டுக்காரர் முனகியபடி படுத்தார். மேனேஜர் படுத்தபோது பாயில் இடம் இல்லாமல் பாதி உடம்பு தரையில் கிடந்தது. சோப்பக்கா பெரிய விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள். தானும் ஓரமாகப் படுத்து அண்ணாந்தாள்.

தொட்டி காலியாக இருந்தது.

நீலமாக ஒரு மங்கல், அவ்வளவுதான். ஒரு நிழல் இல்லை. இரண்டு நாளாக ஐம்பத்தேழு நிழல் சுற்றிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"மீன் எங்கக்கா?" மேனேஜரின் குரல் கிறீச்சிட்டது. "தொட்டியில மீனே இல்லையே!"

செத்துப்போய் மேலே மிதக்கின்றனவோ? இல்லை, மிதந்தாலும் நிழல் விழுமே! நிழல் இல்லை. தங்கள் நிழலைத் தாங்களே அழித்திருக்கின்றன. அவள் தட்டுத்தடுமாறி எழுந்து நீல விளக்கின் சுவிட்சை அணைத்தாள்.

இருட்டில், தலைக்கு மேலே, ஐம்பத்தாறு வயிறுகள் எரிந்துகொண்டிருந்தன. சின்னச் சின்னதாக, நீலப்பச்சையாக, அசைந்து, திரும்பி, கூட்டமாக ஒரு சுற்று வந்தன. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. சோப்பக்கா இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல் இருக்க.

"இன்னொரு தடவை" என்றாள் அந்த அம்மா, குழந்தை மாதிரி.

ஏழு தடவை போட்டு அணைத்தாயிற்று. கடைசியில் பெரிய விளக்கைப் போட்டு எல்லோரும் எழுந்தபோது, கோட்டுக்காரரின் முதுகெல்லாம் பாய்க்கோரைத் துணுக்கு, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "பிளாஸ்டிக் மீன் ஆர்டர கேன்சல் பண்ணுங்க" என்றார் மேனேஜரிடம்.

"எப்படி வளத்தீங்க?" என்றாள் அந்த அம்மா.

மேனேஜர் முந்திக்கொண்டார். "எல்லாம் எங்க சோப்பக்காவோட சுத்தம்தாம்மா. ஒரு கிருமி அண்ட விடமாட்டாங்க. மூணு வருஷம் முன்னாடி எவனோ ஒருத்தன் சீக்கு மீனக் கொண்டாந்து..."

"நிறுத்துங்க சார்" என்றாள் சோப்பக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மீன்ல சீக்கு இல்ல. நான்தான் வடிகட்டிய மருந்து போட்டுக் கழுவி, இருநூறு மீனையும் கொன்னேன். ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துலயே இருக்கு. இந்த மீனுக்கும் என் சுத்தத்தாலதான் வெளிச்சம் வராம கிடந்துச்சு. வந்தது அவர் கொண்டாந்த அழுக்குத் தண்ணியால. அந்த எவனோ ஒருத்தர் என் கூடப்பிறந்த அண்ணன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் நிம்மதி வரவில்லை. இங்கே யாரிடம் சொல்லி என்ன பயன்? கோட்டுக்காரருக்கு அண்ணனைத் தெரியுமா, புடவைக்கார அம்மாவுக்குத் தெரியுமா? வந்தவர்களை மேனேஜரிடம் விட்டுவிட்டு அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள். நடை ஓட்டமானது.

படகுத்துறையில் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். கூடைகள், தராசுகள், கத்தல். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் வலைக்குவியலில் உட்கார்ந்திருந்தான். அவனருகில் போய்க் காதோடு சொல்லிவிடலாம். அவள் போகவில்லை. நடுவில், ஏலக்காரர் பக்கத்தில் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க!"

ஏலக்காரர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"மூணு வருஷம் முன்னாடி என் அண்ணன் சீக்கு மீன் குடுத்தாருன்னு நான் கேட்டுல நின்னு கத்தினேன். அது பொய்யி. அந்த மீனுங்க நல்ல மீனுங்க. நான் தப்பாக் கழுவினதால செத்துச்சு. என் தப்ப அவர் தலையில கட்டினேன். அவரப் பாத்துச் சீக்குன்னு கூப்பிடுறவங்க இனிமே என்னைக் கூப்பிடுங்க."

யாரோ "அட!" என்றார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவன் வலையையே பார்த்துக்கொண்டிருந்தான், விரல் சிக்கிலேயே நின்றிருந்தது. கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க அவனுக்குத் தெரியவும் இல்லை.

"மூணு வருஷம் பாப்பா" என்றான். "மூணு வருஷம்."

"ஆமாண்ணே."

"என்னிக்குத் தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கிழமை. புதன்கிழமையே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

அவன் கையிலிருந்த சிக்கை இழுத்துப் பார்த்தான், பிரியவில்லை, விட்டான். அவளுக்கு மறுபடி கால் பரபரத்தது. ஆனால் அசையாமல் நின்றாள்.

"வெளிச்சம் வந்துச்சா?"

"எல்லாத்துக்கும் வந்துச்சு. நிழலே தெரியல. உன் கிழட்டு மீன்தான் செத்துப்போச்சு."

"சொன்னேன்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். வலைக்குவியலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. அவள் உட்காரப் போனபோது கையை நீட்டித் தடுத்தான்.

"இரு. இங்க வரணும்னா கையக் கழுவிட்டு வா."

காலடியில் வாளி ஒன்று இருந்தது. காலையில் பிரித்த காரலின் செதிலும் வழவழப்பும் அதில் மிதந்தன. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. சோப்பக்கா குனிந்து, அந்தத் தண்ணீரில் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை அமிழ்த்தி, அப்படியே வைத்திருந்தாள்.